சுவாசப்பைக்குள் மூச்சடைத்த கட்டி

காற்றுக்கென்றே அமைந்த உறுப்பில் முளைக்கும் புற்று, தன் நடுப்பகுதியில் ஒட்சிசன் இல்லாமல் கிடக்கிறது. நோய் எங்கே பரவும், எந்தச் சிகிச்சைக்கு அடங்கும், நோயாளி எவ்வளவு காலம் இருப்பார் என்பவற்றில் அந்த வறட்சிக்குப் பெரும் பங்கு உண்டு. வன்னியிலிருந்து தெல்லிப்பழைக்குப் போய்வரும் நோயாளியின் ஒவ்வொரு நாளோடும் தொடர்புடைய கதை இது.

விடிவதற்கு முன்பே பரந்தன் சந்தியில் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடுவார்கள். முல்லைத்தீவிலிருந்து புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம் தாண்டி வரும் வீதி ஏ9 வீதியோடு சேரும் இடம் அது. யாழ்ப்பாண பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்களில் கந்தோருக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், படிக்கப் போகிற பிள்ளைகள் என்று பலர் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவே, பொலித்தீன் பையில் கிளினிக் கொப்பியும் எக்ஸ்ரே உறையும் வைத்துக்கொண்டு, தோளில் போட்ட துவாயால் வாயைப் பொத்தி இருமியபடி ஒருவர் நின்றால், எங்கே போகிறார் என்று கேட்கத் தேவையில்லை. கேட்டாலும் மூன்று சொல்லில் பதில் வரும்: "கரண்ட் பிடிக்கப் போறன்."

கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு ஊரில் உள்ள பெயர் அது. யாழ்ப்பாணத்தில் இறங்கி இன்னொரு பஸ் ஏறினால் தெல்லிப்பழை. 2011ஆம் ஆண்டு தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை பலர் கூடி நடந்து சேர்த்த பணத்தில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் கிட்டிய இடம் அது. வவுனியாக்காரரில் சிலர் தெற்கே அநுராதபுரத்துக்கோ மகரகமவுக்கோ போவார்கள்.

அந்தக் கொப்பியில் சிகிச்சைத் திட்டம் எழுதப்பட்டிருக்கும். வெட்டி எடுக்க முடியாத அளவுக்கு வளர்ந்த, ஆனால் நெஞ்சைத் தாண்டிப் பரவாத சுவாசப்பைப் புற்றுக்கு உலகெங்கும் வழக்கமாகக் கொடுக்கப்படும் அளவு 60 கிறே. நாளுக்கு 2 கிறே வீதம் 30 தடவை. வாரத்தில் 5 நாள் என்று கணக்குப் பார்த்தால் 6 கிழமை. நோயாளிகள் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏன் டொக்டர், எல்லாத்தையும் ஒரே நாளில தந்தா என்ன?"

அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, கொப்பியில் எழுதியிருக்கும் 'கிறே' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அது ஒரு மனிதனின் பெயர்.

இரண்டு தலைமயிர்த் தடிப்பு

லூயி ஹரல்ட் கிறே 1905இல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பௌதிகம் படித்துவிட்டு 1930களில் வைத்தியசாலைக்கு வந்தவர். கதிர்வீச்சு உடலில் என்ன செய்கிறது என்பதை அளந்து பார்ப்பதிலேயே அவருடைய வாழ்நாள் கழிந்தது. 1965இல் அவர் காலமானார். பத்து ஆண்டுகள் கழித்து, ஒரு கிலோ உடற்பகுதி ஒரு ஜூல் சக்தியை உள்வாங்கும் அளவுக்கு அவருடைய பெயரை வைத்தார்கள்.

அவரும் தொம்லின்சன் என்ற மருத்துவரும் 1955இல் வெளியிட்ட கட்டுரை, புற்றுநோய் அறிவியலின் போக்கையே திருப்பியது. அவர்கள் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தது சுவாசப்பைப் புற்றின் மெல்லிய சீவல்களை. புற்றுக் கலங்கள் கயிறுகளைப் போலத் திரண்டு வளர்ந்திருந்தன. கயிற்றைச் சுற்றி வெளியே இரத்தக் குழாய்கள் ஓடின. மெல்லிய கயிறுகளில் நடுப்பகுதி வரை கலங்கள் உயிரோடு இருந்தன. தடித்த கயிறுகளில் நடுப்பகுதி செத்துப்போய்க் கூழாகிக் கிடந்தது.

இருவரும் அளந்தார்கள். நடுவிலிருந்து விளிம்பு வரை 160 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த கயிறுகளில் செத்த பகுதி எதுவும் இல்லை. 200 மைக்ரோமீற்றரைத் தாண்டிய எல்லாவற்றிலும் நடு செத்திருந்தது. கயிறு எவ்வளவு தடித்தாலும், வெளியே உயிரோடு இருந்த வளையத்தின் தடிப்பு மாறவில்லை. அது ஏறத்தாழ இரண்டு தலைமயிரை அடுக்கிய தடிப்பு. இரத்தக் குழாயிலிருந்து புறப்படும் ஒட்சிசன், வழியில் உள்ள கலங்களெல்லாம் எடுத்தது போக, எவ்வளவு தூரம் போய்ச்சேரும் என்று கணக்குப் போட்டார்கள். விடை 150 மைக்ரோமீற்றரை ஒட்டி வந்தது. கண்ணால் கண்டதும் கணக்கும் பொருந்திவிட்டன.

செத்த நடுப்பகுதியால் நோயாளிக்குப் பெரிய தீங்கு இல்லை. உயிரோடிருக்கும் வெளி வளையம் கதிருக்கு எளிதில் அகப்படும். இரண்டுக்கும் இடையில், மூச்சு முட்டியபடி, சாகாமலும் செழிக்காமலும் ஒரு வரி கலங்கள் இருக்குமே, சிகிச்சையில் தப்பிப் பிழைப்பது அவைதான் என்றார்கள் கிறேயும் தொம்லின்சனும்.

ஒரு நிமிடத்துக்குப் பன்னிரண்டு தடவைக்கு மேல் காற்று நிரம்பி வடியும் உறுப்பு சுவாசப்பை. அதற்குள் இருக்கும் கட்டிக்கு மூச்சில்லை என்பதை நம்புவது கடினம். ஆனால் காற்று வந்து போவது காற்றறைகளுக்குள். கட்டி காற்றறைகளை அடைத்துக்கொண்டு வளரும் திண்மமான சதை. அதற்கு ஒட்சிசன் இரத்தத்தின் வழியாகத்தான் வரவேண்டும். 2006இல் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அறுவைச் சிகிச்சையின்போது நோயாளிகளின் சுவாசப்பையில் நேரடியாகவே ஊசிமுனைக் கருவி வைத்து ஒட்சிசன் அழுத்தத்தை அளந்தது. நோயில்லாத பகுதியில் இரசமானிக் கணக்கில் 40 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தது. கட்டிக்குள் நடுத்தர அளவு ஏறத்தாழ 16. சிலருக்கு ஒன்றுக்கும் கீழ்.

கடைசி வயலுக்குத் தண்ணீர் வராத கதை

வன்னியில் வயல் செய்யும் எவருக்கும் இதைப் புரியவைக்க நுணுக்குக்காட்டி தேவையில்லை.

கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுவிலிருந்து இடதுகரை, வலதுகரை என்று வாய்க்கால்கள் ஓடுகின்றன. பெரிய வாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து வயல். காலபோகத்தில் மழை துணைக்கு வரும். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரை மட்டும் நம்ப வேண்டும். அதனால்தான் விதைக்க முன்பே கூட்டம் போட்டு, குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்து, இத்தனை ஏக்கர் மட்டும் என்று முடிவெடுக்கிறார்கள். கூட்டத்தின் முடிவை மீறிக் கூடுதலாக விதைத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மேல்வயல்காரன் பாய்ச்சி முடிய, கடைசி வயலில் நிலம் வெடிக்கும்.

புற்றுக்கட்டி அப்படிக் கட்டுப்பாடில்லாமல் விதைக்கப்பட்ட வயல். கலங்கள் பெருகும் வேகத்துக்கு இரத்தக் குழாய்கள் வளர்வதில்லை. குழாய்க்குப் பக்கத்திலிருக்கும் கலங்கள் ஒட்சிசனை எடுத்துவிட, தள்ளி இருப்பவை காய்கின்றன. கிறே பார்த்தது இந்த நிரந்தர வறட்சியை.

இன்னொரு வகை வறட்சியும் உண்டென்பது 1970களின் பிற்பகுதியில் தெரியவந்தது. கட்டி அவசர அவசரமாக வளர்த்துக்கொள்ளும் இரத்தக் குழாய்கள் ஒழுங்கானவை அல்ல. வளைந்தும் நெளிந்தும், சில இடங்களில் முட்டுச்சந்தாக முடிந்தும், சுவர் ஒழுகியும் இருக்கும். திடீரென ஒரு குழாய் அடைபடும். சில நிமிடங்களோ மணித்தியாலங்களோ கழித்துத் திரும்ப ஓடத் தொடங்கும். துருசை யாரோ இறக்குவதும் ஏற்றுவதும் போல. குழாய்க்கு அருகில் இருக்கும் கலம்கூட அந்த நேரத்தில் மூச்சடைக்கும். ஆகவே ஒட்சிசன் இல்லாத பகுதி ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. இன்று இங்கே, நாளை அங்கே என்று கட்டிக்குள் நகர்ந்துகொண்டிருக்கும்.

கிழிபடாத கடிதம்

ஒட்சிசன் குறைகிறது என்று கலம் எப்படி அறிகிறது? இந்தக் கேள்விக்கு விடை கண்ட மூவருக்கு 2019ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் கிரெக் செமென்சா, வில்லியம் கேலின், பிரித்தானியாவின் பீற்றர் றற்கிளிஃப்.

மூவரில் ஒருவரும் சுவாசப்பைப் புற்றிலிருந்து ஆராய்ச்சியைத் தொடங்கவில்லை. செமென்சாவும் சிறுநீரக வைத்தியரான றற்கிளிஃப்பும் எரித்ரோபொயிற்றின் என்ற ஹோர்மோனைப் பின்தொடர்ந்து போனவர்கள். உடலில் ஒட்சிசன் குறையும்போது சிறுநீரகம் சுரந்து, சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லி எலும்பு மச்சைக்கு அனுப்பும் ஹோர்மோன் அது. வன்னிக்கு இந்தப் பெயர் புதிதல்ல. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் சரியாகப் பிடிபடாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தால் இந்த ஹோர்மோனும் குறைந்துவிடும். இரத்தம் குறைந்து வெளிறிப்போகும் அந்த நோயாளிகளுக்கு ஊசியாகப் போடப்படுவது இதுவே.

அந்த ஹோர்மோனின் மரபணுவை இயக்கும் ஒரு புரதத்தைச் செமென்சா 1990களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். ஹிஃப்-1 என்று பெயர். உடலின் ஏறக்குறைய எல்லாக் கலங்களும் அதை எந்நேரமும் செய்துகொண்டே இருக்கின்றன, ஒட்சிசன் தாராளமாக இருக்கும் நேரத்திலும். ஆனால் ஒட்சிசன் இருந்தால் அதன்மேல் ஒரு முத்திரை குத்தப்படும். முத்திரை குத்திய புரதத்தை இன்னொரு புரதம் பிடித்து அழிக்கும் இடத்துக்கு அனுப்பிவிடும். ஒரு அவசரக் கடிதத்தை நிமிடத்துக்கு ஒன்றாக எழுதி, 'இப்போது தேவையில்லை' என்று உடனுக்குடன் கிழித்துப் போடுவது போன்ற ஏற்பாடு. ஒட்சிசன் இல்லாவிட்டால் முத்திரை குத்த வழியில்லை. கிழிபடாத கடிதம் கலத்தின் கருவுக்குப் போய்ச்சேரும். முத்திரையின் இரகசியத்தைக் கேலினின் குழுவும் றற்கிளிஃப்பின் குழுவும் 2001இல் வெளிப்படுத்தின.

மூச்சுத் திணறலில் உயிரைக் காக்க உடல் வைத்திருக்கும் ஏற்பாடு இது. மலையேறுபவருக்கும் கருவில் வளரும் சிசுவுக்கும் அது உயிர்காப்பு. புற்றுக்கட்டி அதே கடிதத்தைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

வறட்சி வளர்க்கும் முரட்டுத்தனம்

ஹிஃப் கருவுக்குள் போனதும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழிக்கின்றன. முதல் வேலை, புதிய இரத்தக் குழாய்களை வரவழைப்பது. அதற்கான சமிக்ஞைப் புரதம் கட்டியிலிருந்து சுற்றுப்புறமெங்கும் கசிகிறது. இரண்டாவது வேலை, உணவு முறையை மாற்றுவது. ஒட்சிசனோடு எரித்தால் ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து முப்பது பங்கு சக்தி எடுக்கலாம். ஒட்சிசன் இல்லாமல் புளிக்கவைத்தால் கிடைப்பது இரண்டு பங்கு. அந்தக் குறையை ஈடுகட்டக் கலம் தன் வாசல்களைப் பெருக்கி, இரத்தத்திலிருந்து குளுக்கோசை அள்ளி அள்ளி எடுக்கிறது. மிஞ்சும் இலாக்ரிக் அமிலத்தை வெளியே தள்ளுகிறது. கட்டியைச் சுற்றிய இடம் புளித்துப்போகிறது. நோயை எதிர்க்க வரும் வெண்குருதிக் கலங்கள் அந்தப் புளிப்பில் சோர்ந்துவிடுகின்றன. அவற்றைத் தடுத்து நிறுத்தும் அடையாளம் ஒன்றையும் கலம் தன் மேற்பரப்பில் கூட்டிக்கொள்கிறது.

மூன்றாவது விளைவு இன்னும் பாரதூரமானது. ஒட்சிசன் இல்லாமல் தவிக்கும் சாதாரணக் கலம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். அந்தக் கட்டளையைக் கொடுக்கும் புரதங்களில் முக்கியமானது பி53. புற்றில் பல கலங்களில் அது பழுதாகியிருக்கும். 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒட்சிசன் குறைந்த சூழலில் பி53 சரியாக உள்ள கலங்கள் செத்துப்போக, பழுதானவை மட்டும் பெருகி இடத்தைப் பிடிப்பதைக் காட்டியது. பயிரெல்லாம் கருகிய நிலத்தில் களை மட்டும் நிற்பது போல, வறட்சி கட்டிக்குள் முரட்டுக் கலங்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது.

நான்காவது, ஊரைவிட்டுப் புறப்படுவது. மூச்சடைத்த கலங்கள் அயல் கலங்களோடு ஒட்டியிருக்கும் பிடியை விட்டு, நகரும் குணத்தைப் பெறுகின்றன. ஒழுகும் குழாய்ச் சுவர் வழியாக இரத்தத்துக்குள் நுழைவதும் எளிது. சுவாசப்பைப் புற்று மூளைக்கும் எலும்புக்கும் ஈரலுக்கும் போவதற்கு இந்தப் பயண ஆயத்தமும் ஒரு காரணம்.

8,000க்கும் மேற்பட்ட கட்டிகளின் மரபணுத் தகவல்களை ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வில், ஒட்சிசன் மிகக் குறைந்த புற்றுகளின் வரிசையில் சுவாசப்பையின் செதிள்கலப் புற்றும் நின்றது. புகைத்தலோடு நெருங்கிய தொடர்புள்ள வகை அது. வெட்டி எடுத்த கட்டியில் ஹிஃப் அதிகமாக இருந்த நோயாளிகள், குறைவாக இருந்தவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த கணக்குகள் காட்டுகின்றன. ஒரே அளவு கட்டி, ஒரே நிலை, ஒரே மருந்து என்றிருக்க, இருவரில் ஒருவர் தேறுவதற்கும் மற்றவர் தேறாததற்கும் இடையில் உள்ள காரணங்களில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத வறட்சியும் ஒன்று.

அடுப்புச் சாம்பலும் அடுத்த நாளும்

கதிர் கலத்தைக் கொல்வது அதன் மரபணு இழையை அறுத்து. அறுந்த இடத்தில் ஒட்சிசன் போய் ஒட்டிக்கொண்டால் அறுவை நிரந்தரமாகும். ஒட்சிசன் இல்லாவிட்டால் கலம் அந்த இழையைத் திரும்பவும் பொருத்திக்கொள்ளும். மூச்சடைத்த கலத்தைக் கொல்ல, மூச்சுள்ள கலத்துக்குத் தேவையானதைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். அவ்வளவையும் ஒரே நாளில் நெஞ்சுக்குள் செலுத்தினால் நல்ல சுவாசப்பையும் உணவுக் குழாயும் முள்ளந்தண்டு வடமும் தாங்கா. சிறிய கட்டிகளுக்கு மட்டும், மிகக் கூர்மையாகக் குறிவைத்து, மூன்று முதல் ஐந்து தடவையில் பெரிய அளவைக் கொடுத்து முடிக்கும் முறை இப்போது இருக்கிறது. பெரிய கட்டிக்கு அது சரிவராது.

அதனால் பங்கு பங்காகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்த இடைவெளியில் நல்ல கலங்கள் தங்கள் காயத்தை ஆற்றிக்கொள்கின்றன. கட்டிக்குள் வேறொன்று நடக்கிறது.

விறகடுப்பில் சமைப்பவர்களுக்கு அது தெரிந்த காட்சி. பாலை விறகின் தணல்மேல் சாம்பல் மூடி, உள்ளே நெருப்பு அமுங்கிக் கிடக்கும். மேல் சாம்பலைத் தட்டி ஊதுகுழலால் ஊதினால் உள்தணல் சிவந்து வரும். முதல் நாள் கதிரில், குழாயோரமாக ஒட்சிசன் எடுத்துக்கொண்டிருந்த வெளிக்கலங்கள் அழிகின்றன. அவை எடுத்துவந்த ஒட்சிசன் மிஞ்சுகிறது. அது உள்ளே போய், நேற்றுவரை மூச்சடைத்திருந்த கலங்களைத் தொடுகிறது. நேற்றுக் கதிருக்கு அகப்படாதவை இன்று அகப்படுகின்றன. இன்றைய அடி அந்த வரியை அழிக்க, நாளை அதற்கடுத்த வரி வெளியே வரும். "ஏன் ஒரே நாளில தரக்கூடாது?" என்ற கேள்விக்குரிய பதில் இது.

ஒட்சிசனை வலிந்து புகட்டவும் முயன்று பார்த்தார்கள். கிறேயின் கட்டுரை வந்த அதே 1955இல், லண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் நோயாளியை உருளை வடிவ அழுத்தப் பெட்டிக்குள் படுக்கவைத்து, உயர் அழுத்தத்தில் ஒட்சிசன் கொடுத்தபடி கதிர் செலுத்தினார்கள். சில புற்றுகளில் பலன் தெரிந்தாலும், ஒவ்வொரு நோயாளிக்கும் நாள்தோறும் செய்யமுடியாத வேலையாக அது இருந்தது. பின்னர் ஒட்சிசன் இல்லாத கலங்களில் மட்டும் நஞ்சாக மாறும் மருந்துகள் வந்தன. திரபசமைன் என்ற மருந்தைச் சிஸ்பிளாற்றினோடு சேர்த்துக் கொடுத்தபோது, முற்றிய சுவாசப்பைப் புற்று நோயாளிகளின் நடுத்தர வாழ்நாள் 27.7 வாரத்திலிருந்து 34.6 வாரமாகக் கூடியது என்று 2000இல் ஓர் ஆய்வு சொன்னது. அடுத்து வந்த ஆய்வுகளில் அந்த நன்மை நிலைக்கவில்லை. கட்டிக்குள் வறட்சி உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தது அதற்கு ஒரு காரணம் எனப் பலர் கருதுகிறார்கள்.

இரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவசிசுமாப் மருந்து 2006இல் சுவாசப்பைப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வழக்கமான மருந்துகளோடு அதைச் சேர்த்தபோது நடுத்தர வாழ்நாள் 10.3 மாதத்திலிருந்து 12.3 மாதமாகியது. செதிள்கலப் புற்றில் அதைக் கொடுக்க முடியவில்லை. சுவாசப்பைக்குள் உயிராபத்தான இரத்தப்போக்கு ஏற்பட்டது. ஹிஃப் குடும்பத்திலேயே ஒரு புரதத்தை நேரடியாகத் தடுக்கும் பெல்சுற்றிஃபான் என்ற குளிசை 2021இல் வந்தது. அதன் பயன் இதுவரை முக்கியமாகச் சிறுநீரகப் புற்றில். சுவாசப்பை இன்னும் காத்திருக்கிறது.

வன்னியின் கையில் இருப்பவை

விலை உயர்ந்த மருந்துக்காகக் காத்திருக்கும் இந்த வேளையிலும், ஒட்சிசனோடு தொடர்புடைய சில காரியங்கள் கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் செட்டிகுளத்திலும் செய்யக்கூடியவையாகவே இருக்கின்றன.

முதலாவது பீடி, சிகரெட், சுருட்டு. புகையில் உள்ள காபனோரொட்சைட்டு, இரத்தத்தின் ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டும். காலையில் பஸ் ஏற முன் ஒன்று, யாழ்ப்பாணத்தில் இறங்கி ஒன்று என்று இழுத்துவிட்டு கதிருக்குப் படுக்கும் நோயாளியின் இரத்தம், கட்டிக்குக் கொண்டுபோக வேண்டிய ஒட்சிசனில் ஒரு பகுதியைச் சந்தியிலேயே இழந்துவிடுகிறது. கனடாவில் தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர் பெற்றவர்களை 1993இல் ஆராய்ந்தபோது, சிகிச்சைக் காலத்தில் புகைத்தவர்களில் 45 சதவீதத்தினருக்கே கட்டி முழுமையாகக் கரைந்தது. புகைக்காதவர்களில் 74 சதவீதம். இரண்டு ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் முறையே 39, 66 சதவீதம். "வருத்தம் வந்திட்டுது, இனி விட்டென்ன?" என்று சொல்கிறவர்களுக்கு இந்த எண்களைக் காட்டவேண்டும். நோய் வந்த பிறகு விடுவதிலும் பலன் உண்டு.

இரண்டாவது இரத்தம். சோகை உள்ளவரின் கட்டிக்குப் போகும் ஒட்சிசன் குறையும். இரும்புச்சத்துக் குறைவோ, குடற்புழுவோ, சிறுநீரக நோயோ, காரணத்தைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு முன்பே சரிசெய்வது நல்லது. ஆனால் ஹோர்மோன் ஊசி போட்டு இரத்தத்தை வலிந்து ஏற்றுவது வேறு விடயம். 2003இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், தலை, கழுத்துப் புற்று நோயாளிகளுக்கு எரித்ரோபொயிற்றின் கொடுத்தபோது ஈமோகுளோபின் ஏறியது, நோயோ மோசமாகியது. எதை, எவ்வளவு, எப்போது என்பதை வைத்தியரே முடிவுசெய்ய வேண்டும்.

மூன்றாவது நாள் தவறாமை. தவறவிட்ட ஒவ்வொரு நாளும், எஞ்சிய கலங்கள் திரும்பப் பெருகக் கிடைத்த நாள். கிறேயின் ஆய்வுகூடம் இருந்த மவுண்ற் வேர்ணன் வைத்தியசாலையின் மருத்துவர்கள் இதைத் தலைகீழாகச் சோதித்துப் பார்த்தார்கள். சனி, ஞாயிறும் விடாமல், நாளுக்கு மூன்று தடவையாக, 12 நாளில் 54 கிறே கொடுத்து முடித்தார்கள். வழக்கமான 6 வாரச் சிகிச்சையில் இரண்டு ஆண்டு உயிரோடிருந்தவர்கள் 20 சதவீதம். இந்த முறையில் 29. மொத்தக் கதிர் குறைவு, காலம் சுருக்கம், பலன் கூட.

இந்த உண்மையை வன்னியின் வரைபடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 65 கிலோமீற்றருக்கு மேல். முல்லைத்தீவிலிருந்து 100ஐத் தாண்டும். தெல்லிப்பழை அதற்கும் அப்பால். அங்கே உறவினர் வீடு உள்ளவர்கள் தங்கிக்கொள்வார்கள். இல்லாதவர் நாள்தோறும் போய்வரவேண்டும். கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும். அரிவு வெட்டு நேரமென்றால் போகாத நாள் வரும். மழைக்கு வீதி மூடினால் போகமுடியாத நாள் வரும். "ஒரு நாள்தானே" என்று சொல்லப்படும் அந்த ஒரு நாளுக்குக் கட்டிக்குள் விலை இருக்கிறது. நோயாளி தங்க ஓர் இடம், போக்குவரத்துக்கு ஒரு வாகனம், கூட நிற்பவருக்கு ஒரு சாப்பாடு. இவற்றை ஏற்பாடு செய்யும் சங்கமோ கோயில் நிர்வாகமோ புலம்பெயர் உறவோ, கதிர் இயந்திரத்தின் பாதி வேலையைச் செய்கிறது என்று சொன்னால் மிகையல்ல.

நான்காவது, எல்லாவற்றுக்கும் முந்தியது: நேரத்தோடு வருவது. சிறிய கட்டியில் குழாயிலிருந்து எந்தக் கலமும் தூரத்தில் இல்லை. வறட்சிக்கும் முரட்டுத்தனத்துக்கும் இன்னும் காலம் கிடைக்கவில்லை. ஆனால் இங்கே இருமலுக்குக் காரணங்கள் ஏற்கனவே நிறைய உண்டு. பெரும்பாலான வீடுகளில் விறகடுப்பு. விறகுப் புகையை, மனிதரில் புற்றை உண்டாக்கும் வாய்ப்பு அதிகமுள்ளவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வைத்திருக்கிறது. கல்லுடைக்கும் இடங்களில் பறக்கும் சிலிக்காத் தூசு, புற்றை உண்டாக்குவதென்று உறுதிப்படுத்தப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. போதாததற்குப் போர். நெஞ்சில் செல் துண்டோடு வாழ்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளி பழைய துண்டா புதிய கட்டியா என்று பிரித்தறிய வேண்டியிருக்கும். உலோகத் துண்டு உடலில் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் அதைச் சொல்லியாகவேண்டும்.

சயரோகமும் சுவாசப்பைப் புற்றும் ஒரே முகத்தோடு வரும். இருமல், மெலிவு, சளியில் இரத்தம். மாவட்ட மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் சளிப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் அங்கே போகவேண்டும். சளியில் கிருமி இல்லையென்று வந்தால் 'தப்பினேன்' என்று திரும்பிவிடாமல், இருமல் நிற்கும் வரை தொடர்ந்து பார்க்கவேண்டும். "இருமல்தானே, மாறும்" என்று மல்லித் தண்ணீரோடு கழியும் மாதங்களில்தான் கட்டி 160 மைக்ரோமீற்றரைத் தாண்டிப் பல சென்ரிமீற்றர்களுக்குப் போகிறது. உலகில் ஓராண்டில், 2022இல் மட்டும், 18 லட்சம் பேரைக் கொன்ற நோய் இது. வேறெந்தப் புற்றும் அத்தனை பேரைக் கொல்லவில்லை.

மத்தியானம் கழிந்து, தெல்லிப்பழையிலிருந்து திரும்பும் நோயாளி ஆனையிறவைக் கடக்கும்போது, உப்பளக் காற்று பஸ்ஸின் யன்னலால் அடித்து வரும். மடியில் அதே பொலித்தீன் பை. கொப்பியில் இன்றைய திகதிக்கு நேரே ஒரு கையெழுத்து, பக்கத்தில் 17 என்ற எண். நெஞ்சுக்குள்ளே, இன்று அழிந்த வரிக்குப் பின்னாலிருந்த கலங்களுக்கு அந்நேரம் ஒட்சிசன் போய்ச்சேரத் தொடங்கியிருக்கும். பரந்தனில் இறங்கும்போது நடத்துநர் கேட்பார், "நாளைக்கும் வருவியளோ ஐயா?" 18ஆம் நாளுக்கான பஸ் விடிய ஐந்தரைக்கு.